மழை பெய்தால் வரும் கூட்டம்

அக்டோபர் 8, திங்கள்

வெயில். அக்டோபரிலும் இப்படியா என்று கேட்டால் விருதுநகரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மாடி அறையில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. பக்கத்து மிளகாய் மண்டி நெடியில் காலையிலிருந்து தும்மல்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை: மூன்றாம் அட்டவணையை முடிப்பது. ப்ரவுசிங் சென்டர் போய்ப் புரொபசருக்கு அனுப்புவது. செருப்பு வார். அம்மாவுக்கு போன் (நான் செய்யாவிட்டால் அவள் செய்வாள், அது இன்னும் மோசம்).

அட்டவணை அனுப்பியாயிற்று. செருப்பு வார் அப்படியே.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன். பட்டாசு ஊர்களில் ஜனங்கள் வைத்தியத்துக்கு என்ன செலவு செய்கிறார்கள், அந்தச் செலவுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறதா என்பது எங்கள் ஆய்வு. ஊர்ப் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பதால் எல்லா ஊருக்கும் எண். தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் ‘ஏழு’. என்னைப் படுத்தி எடுப்பது இந்த ஏழுதான்.

ஏழில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் (இனி ஆ.சு.நி., கை வலிக்கிறது). சுத்தமாக இருக்கிறது. டாக்டர் செந்தில் சிவகாசியிலிருந்து பைக்கில் தினமும் நேரத்துக்கு வருகிறார். மாத்திரை இருப்பு உண்டு. எல்லாம் இலவசம். ஆனால் நான் போகிற நாளெல்லாம் பெஞ்சு காலி. ஒரு தடவை பெஞ்சில் காக்கா உட்கார்ந்திருந்தது. எதிர்த் தெருவில் மெடிக்கல் ஷாப்பை ஒட்டி ஒரு தனியார் டாக்டர். சாயங்காலமானால் அங்கே நிற்க இடமில்லை. ஓர் ஊசி, மூன்று கலரில் மாத்திரை, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இலவசத்தை விட்டுவிட்டு ஏன்?

புரொபசரிடம் பதில் தயாராக இருக்கிறது. சும்மா கிடைப்பதற்கு ஜனங்களிடம் மதிப்பில்லை என்பார். அவர் ரொம்ப நாளாகச் செல்லமாக வளர்த்து வரும் கருத்து அது. நானும் அதே தொனியில் ஒரு வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறேன். நல்ல வாக்கியம், இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். பத்தொன்பதாம் தேதி சென்னையில் சுகாதாரத் துறையின் கமிட்டிக் கூட்டம். ஆளே வராத இடத்தில் டாக்டர் எதற்கு, ஏழின் டாக்டரைக் கூட்டம் நெரியும் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று அங்கே பரிந்துரைக்கப் போகிறார். ஆதாரம், ஆ.சு.நி.க்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் போட்ட என் மூன்றாம் அட்டவணை.

மாலையில் வீட்டுக்கார நூர்ஜஹான் அக்கா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். நோன்பு இருக்கிறவர்களுக்கு ஒரு டம்ளர், இல்லாத எனக்கு இரண்டு. வெட்கமே இல்லாமல் குடித்தேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

வெயில். ஏழுக்குப் போனோம். ஜீப் ஓட்டுவது நூர்ஜஹான் அக்காவின் வீட்டுக்காரர் சிக்கந்தர் அண்ணன். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: வானத்தில் கருமேகம் தெரிந்தால் சிவகாசிக்கு அந்தப் பக்கம் வண்டி வராது. கரிசலில் டயர் இறங்கினால் மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும் என்பார். எனக்கும் அது சௌகரியம். மழை நாளில் மாடியில் படுத்துக்கொண்டு படிவம் சரிபார்க்கலாம்.

வேலை: ஆ.சு.நி. வாசலில் நின்று, வைத்தியம் முடித்து வெளியே வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மரியாதையாக நடத்தினார்களா, இத்யாதி. வெளியே வருவதற்கு முதலில் யாராவது உள்ளே போக வேண்டும். ஒரு பெரியவர் வந்தார். ஆசையாகப் படிவத்தை எடுத்தேன். நிழலுக்கு ஒதுங்கினாராம்.

புத்தி கெட்டுப்போய் ஸ்டெல்லா சிஸ்டரிடம், டாக்டரை மாற்றினாலும் மாற்றுவார்கள் என்று உளறிவிட்டேன். சிஸ்டர் இங்கே பல வருஷமாக நர்ஸ். பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, ரிஜிஸ்தரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். ரிஜிஸ்தரைப் புரொபசர் நம்பமாட்டார், நேரில் பார்த்ததைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார் என்றேன். பஞ்சை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வழக்கமான டீயும் வரவில்லை. சொல்லியிருக்கவே வேண்டாம்.

இரவு எண்ணெய்ப் பரோட்டா. மொறுமொறுவென்று. சால்னா மூன்று தரம் வாங்கினேன். சிக்கந்தர் அண்ணன் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 10, புதன்

பரோட்டா பழிவாங்கியது.

விருதுநகரில் கிளம்பும்போது பளிச்சென்று வெயில். வயிறு லேசாக முறுக்கியது, பொருட்படுத்தவில்லை. சிவகாசி தாண்டியதும் திடீரென்று இருட்டி, அடி மழை. சிக்கந்தர் அண்ணன் திட்டிக்கொண்டே திருப்புவதற்குள் டயர் இறங்கிவிட்டது. ஏழு கண்ணுக்குத் தெரிகிறது, நடந்துவிடலாம். என் வயிறும் அதைத்தான் சொன்னது, கொஞ்சம் அவசரமாக. செருப்பு வார் நடுவழியில் அறுந்தது. ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் கரிசலுமாக ஆ.சு.நி. வாசலுக்குப் போனால்...

கூட்டம். திருவிழாக் கூட்டம். பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, வராந்தா நிறைந்து, குடையோடு வாசலிலும் ஆட்கள். எல்லாம் பெண்கள், பாதிப் பேர் இடுப்பில் பிள்ளை. தப்பான ஊருக்கு வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே சிஸ்டரிடம் போகப் பார்த்தேன். நாற்பது வயதுப் பெண் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டினார். முத்துமாரி. பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குப் பவுடர் அடைக்கிற வேலை. கணக்கெடுக்க வருகிற பெண்களை எல்லாம் இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும்.

“வரிசை அங்கன இருக்கு டீச்சர்.”

கடைசியில் போய் நின்றேன். என் படிவத்தில் நாலாவது கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? பதில்: நாய் படாத பாடு. நடுவில் இரண்டு தடவை பின்பக்கம் ஓட வேண்டியிருந்தது, இரண்டு தடவையும் முத்துமாரிதான் என் இடத்தைப் பிடித்து வைத்தார். ஆனால் ஓர் ஆளைக்கூடத் தாண்டவிடவில்லை.

நிற்கும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. மழையென்றால் பட்டாசு வேலை கிடையாது. பவுடர் ஈரம் இழுக்கும், இடி வேறு பயம். கம்பெனி வேன் வராது, சம்பளம் கிடையாது. அன்றைக்குத்தான் டாக்டரைப் பார்க்கப் போவார்கள். வெயில் நாளில் விடியற்காலை வேன் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஆ.சு.நி. மத்தியானத்தோடு மூடிவிடும். சாயங்காலம் திறந்திருப்பது எதிர்த் தெரு மட்டும். அதனால்தான் காசு கொடுக்கிறார்கள். மதிப்பாவது, மண்ணாங்கட்டியாவது.

இவர்கள் வருகிற நாளில் நாங்கள் வருவதில்லை. நாங்கள் வருகிற நாளில் இவர்கள் இல்லை. இதை ஆய்வு என்று கூச்சமில்லாமல் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறேன்.

முத்துமாரிக்கு பிரஷர். ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுப்பார்கள். அடுத்த வாரம் மழை இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு நா விட்டு ஒரு நா போடுவேன். அப்பயும் மளை வரலேன்னா பாதியா ஒடைச்சுப் போட்டுக்கிட வேண்டியதுதான். சீசன்ல ஒரு நா லீவு போட்டா போனஸ்ல கைய வப்பாக. என் எடத்துல வேற ஆள ஒக்கார வச்சிருவாக.”

சாதாரணமாகச் சொன்னார், குழம்பில் புளி குறைவதைச் சொல்வதுபோல. பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து! எனக்கு வந்த கோபத்தில் வயிற்றுவலிகூட மறந்துபோனது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. என் மேலும்தான்.

டாக்டர் எனக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பரோட்டாவுக்கு ஒரு மாதம் தடை போட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் டீ கொடுக்கவில்லை, வயிற்றுக்கு ஆகாது என்பதால். ஆனால் சிரித்தார்.

அக்டோபர் 11, வியாழன்

வெயில். கஞ்சி, மோர், கஞ்சி.

புரொபசருக்கு போன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் ஒருதரம் சிரித்தார் (செருப்பு அறுந்த இடம்). பிறகு தொண்டையைச் செருமினார். அது கெட்ட சகுனம். ஒரு நாள் பார்த்தது சான்று ஆகாது, அதுவும் வயிற்றுப்போக்கோடு பார்த்தது. கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் இன்னும் ஒன்றிரண்டு மழை நாள் நின்று பார்த்து எழுதினால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் மூன்றாம் அட்டவணைதான் போகும் என்றார். அந்த அட்டவணை தப்பு சார் என்றேன். நீ அனுப்பியதுதானேம்மா என்றார். ஏழின் டாக்டர் போய்விட்டால் மழை நாளிலும் முத்துமாரிக்கு மாத்திரை இல்லை என்றேன். சான்று கொண்டு வா என்று வைத்துவிட்டார்.

நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 13, சனி

வெயில், வெயில், வெயில். காலையிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறி இறங்குகிறேன். நூர்ஜஹான் அக்கா பிறை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, இப்பவே தெரியாதும்மா, மஹ்ரிப் தொழுகைக்கு அப்புறம்தான் என்றார். நான் பார்ப்பது மேகம் என்றேன். சிக்கந்தர் அண்ணனிடம், மழை வந்தால் சொல்லுங்கள், உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லி வைத்தேன். இத்தனை வருஷ ஓட்டத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். டயருக்குச் சங்கிலி வாங்கித் தருவீகளா என்று கேட்டார்.

சிவகாசி டீக்கடையில் இருந்தவர்களிடம் மழை எப்போது வரும் என்று வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தேன். தீபாவளி ஆர்டர் மலைபோலக் கிடக்கிற ஊரில் கேட்கிற கேள்வியா? டீக்கு மீதிச் சில்லறை கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

பெருநாள். காலையிலேயே பிரியாணி மணம் மாடிக்கு ஏறி வந்தது. தடை பரோட்டாவுக்குத்தானே, பிரியாணியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே. சாப்பிட்டேன். நூர்ஜஹான் அக்கா புதுச் செருப்பு வாங்கித் தந்தார். அழுதுவிட்டேன், அசட்டுத்தனமாக.

சிக்கந்தர் அண்ணனுக்குப் பெருநாள், அதனால் பஸ்ஸில் ஏழுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, ஆ.சு.நி.யிலும் டாக்டர் கிடையாது. முத்துமாரி வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பலகை போட்டு உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மழைக்காகக் காத்திருக்கிறேன், ஒரு நாள் பெய்தால் போதும், உங்கள் டாக்டரை விடாமல் பிடித்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

துவைக்கிற கை நின்றது.

“டீச்சர், நல்லதுக்குத்தான் செய்றீக, தெரியுது. ஆனா மளை வேணும்னு மட்டும் கும்பிடாதீக. ஒரு நா மளைன்னா எங்க வீட்டுல ஒரு நா அடுப்புக்கு இல்ல. தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும். டாக்டரும் வேணும், வெயிலும் வேணும். ரெண்டும் வேணும் எங்களுக்கு.”

காப்பி ஆறியது. இவர்கள் கூலி போகிற நாளை நான் எனக்கு நல்ல நாள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம். சாத்தூர்ப் பக்கம் வெள்ளரிக்காய் விற்றார்கள், வாங்கவில்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. மழை எதற்கு? இவர்களுக்கு வேண்டியது வேலை இல்லாத நேரத்தில் திறந்திருக்கும் ஆ.சு.நி. அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு நாள் திறந்து பார்த்தால் என்ன?

பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, என்னம்மா தனியாச் சிரிக்கே என்றார்.

அக்டோபர் 16, செவ்வாய்

வெயில். இப்போது வெயிலைத் திட்டுவதில்லை.

டாக்டர் செந்திலிடம் பேசினேன். நாளைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் ஆ.சு.நி.யைத் திறந்து வைக்க, அவர் சொந்த விருப்பத்தில். உடனே சரி என்றார், கொஞ்சம் கழித்துத் தலையைச் சொறிந்தார். யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். வராவிட்டால் புரொபசர் சொன்னதே சரி என்று ஆகிவிடும், உங்களை அனுப்ப நானே ஆதாரம் கொடுத்ததாக ஆகிவிடும் என்றேன். மறைத்து என்ன பயன். ஸ்டெல்லா சிஸ்டர் சாயங்காலம் இருக்கச் சம்மதித்தார். டீ வந்தது.

புரொபசரும் ஒத்துக்கொண்டார், மழையைவிட இது நல்ல சோதனை என்று. நாளை ஏழு மணிக்கு போன் செய்வாராம். அட்டவணையை அன்றிரவே முடித்தாக வேண்டுமாம்.

அக்டோபர் 17, புதன்

இருட்டோடு கிளம்பி, விடிகிற நேரம் ஏழில் வேன் நிற்கிற இடத்தில் நின்று கத்தினேன். சாயங்காலம் டாக்டர் இருப்பார், வேன் இறங்கியதும் வாங்க! ஒரு பெண் தலையாட்டினாள். மற்றவர்கள் இடம்பிடிக்கிற அவசரத்தில். முத்துமாரி வேனுக்குள்ளிருந்து கை காட்டினார், வருகிறேன் என்றா போய்ட்டு வாரேன் என்றா, தெரியவில்லை. நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. என் சரித்திரத்தில் இது முதல் தடவை.

பொழுது சாய்ந்தது. டாக்டர் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சிஸ்டர் வாசல் விளக்கைப் போட்டார். வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள், முகம், கை, முடி எல்லாம் வெள்ளி மினுக்கோடு. ஆ.சு.நி. வாசலைப் பார்த்தார்கள். நடந்தார்கள். நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லோரும். முத்துமாரியும்.

இரண்டாவது வேன். அதே கதை.

பெஞ்சு காலி. டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே. மழையில் வந்தவர்கள் வேறு எதற்கோ வந்திருக்கிறார்கள்போல. புரொபசர் சொன்னதே சரியோ? சரியாக ஏழு மணிக்கு போன். எத்தனை பேர் என்றார். யாரும் இல்லை சார் என்றேன். பரவாயில்லையம்மா, இதுவும் ஒரு முடிவுதான் என்றார் மென்மையாக. அந்த மென்மைதான் தாங்கவில்லை. வைத்துவிட்டார்.

சிஸ்டர் ஊசித் தட்டை மூடப் போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

அப்போது சோப்பு வாசனை. லைஃப்பாய். நிமிர்ந்தால், ஈரத்தலையை முடிந்துகொண்டு, துவைத்த சேலையில், பிள்ளையை இழுத்துக்கொண்டு முத்துமாரி. பின்னால் இரண்டு பெண்கள். தெரு முனையிலிருந்து இன்னும் நாலைந்து. அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன், கோபம்தான் முதலில் வந்தது. முத்துமாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“பவுடர் மேலோட டாக்டர் முன்னாடி ஒக்காரச் சொல்றீகளா? குளிக்காம நாங்க பெத்த பிள்ளையையே தூக்க மாட்டோம், டீச்சர்.”

இவ்வளவு நாள் இந்த ஊரில் திரிந்தேன். வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றெல்லாம் கேட்டேன். வந்ததும் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. மண்டு.

புரொபசருக்கு நானே போன் போட்டேன். வந்துட்டாங்க சார், குளிச்சிட்டு வந்துட்டாங்க என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தா சத்தத்தில் எனக்கும் அவர் பேசுவது கேட்கவில்லை. யாரு போன்ல என்று முத்துமாரி கேட்டார். உங்கள் டாக்டரை மாற்றலாம் என்று நினைக்கிறவர் என்றேன். கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். (என் வேலை போனாலும் போகட்டும்.)

“சார், வணக்கம். முத்துமாரி பேசுறேன். நீங்க ஒரு சாங்காலம் இங்கன வாங்க. வரிசையில நிக்கணும், அம்புட்டுதான். எங்க டாக்டர எங்கயும் அனுப்பிராதீக.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு என்ன உடம்புக்கு என்று புரொபசர் கேட்டார். சொன்னேன், மாத்திரையை உடைப்பது உட்பட. முழுசாக எழுதி ராத்திரிக்குள் அனுப்பு என்றார்.

முத்துமாரிக்கு பிரஷர் ஏறித்தான் இருந்தது. டாக்டர் ஒரு வார மாத்திரை கொடுத்து, தினமும் ஒன்று, உடைக்கக் கூடாது என்றார். வெளியே வந்தவர் என்னிடம் கேட்டார், அடுத்த வாரமும் இந்நேரம் லைட்டு எரியும்லா என்று. எரியும் என்றேன். சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. சொல்லிவிட்டேன்.

ப்ரவுசிங் சென்டர்க்காரர் எனக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தார். அந்த நல்ல வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். வருத்தமே இல்லை.

அக்டோபர் 19, வெள்ளி

கமிட்டிக் கூட்டம் காலையில். மத்தியானம் வரைக்கும் போன் இல்லை. நகம் தீர்ந்துவிட்டது. சார்ஜ் போய்விடுமோ என்று போனைப் பிளக்கிலேயே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தது. புரொபசர் குரலில் ஏகப்பட்ட உற்சாகம். வேலை நேரத்தையும் வைத்திய நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகவே சொல்லி வருகிறாராம். எங்கே, யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கருத்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். டாக்டர் செந்தில் ஏழிலேயே இருப்பார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வாரத்திலிருந்து. மூன்று கேட்டிருக்கலாமே சார் என்றேன். வைத்துவிட்டார்.

சிக்கந்தர் அண்ணனை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தேன். வானம் மூடித்தான் இருந்தது, ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். டாக்டரிடமும் சிஸ்டரிடமும் சொல்லியாயிற்று. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

இப்போது வேன் நிற்கிற இடத்தில், ஜீப் பானெட் மேல் வைத்து எழுதுகிறேன். முத்துமாரியிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு வரட்டும் என்கிறார் சிக்கந்தர் அண்ணன். முடியாது, என்னால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது. பவுடர் ஒட்டினால் ஒட்டட்டும்.

வேன் வந்துவிட்டது